‘மாநில உரிமை’க்கு நிறவெறிக் கறை ஒட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெறுப்பாளர்கள் ஓர் அரசியல் கொள்கையைக் கேடயமாகப் பிடித்தால் அந்தக் கொள்கையே கெட்டுவிடுமா? இந்தக் கேள்விக்கு ஆவணங்கள் நிறைந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ‘மாநில உரிமை’. மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்கள் தாமே முடிவெடுக்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை அடிமை முறையைக் காக்கவும் பயன்படுத்தினார்கள், அடிமைகளைக் காப்பாற்றவும் பயன்படுத்தினார்கள். அந்த வரலாற்றை வைத்தே கீழுள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இந்தக் கொள்கை சட்டத்தில் எங்கே இருக்கிறது?

1791இல் நடைமுறைக்கு வந்த பத்தாவது திருத்தத்தில். மத்திய அரசுக்கு அரசியலமைப்பு கொடுக்காத, மாநிலங்களுக்குத் தடையும் செய்யாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது அது. ஒரே வாக்கியம்தான். அடிமை முறை, நிறம், இனம் எதுவும் அதில் இல்லை.

அதன் முதல் பெரிய பயன்பாடும் நல்லதற்காகவே நடந்தது. அரசைத் தாக்கி எழுதினால் 2 ஆண்டு சிறை, 2,000 டாலர் வரை அபராதம் என்று 1798இல் மத்திய அரசு சட்டம் போட்டது. அதை எதிர்த்து கென்டக்கி, வர்ஜீனியா சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. எழுதிக் கொடுத்தவர்கள் பின்னாளில் குடியரசுத் தலைவர்களான ஜெஃபர்சனும் மேடிசனும். பத்திரிகைச் சுதந்திரத்துக்காக எழுந்த குரல் அது. எழுதிய இருவருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இந்த வரலாற்றில் முழுக்கக் கறையில்லாத பக்கம் எங்கும் கிடைக்காது.

பிறகு எப்படிக் கெட்ட பெயர் வந்தது?

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சொல்லை அதிகம் உச்சரித்தவர்களால். 1948இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைகளை முன்னெடுத்தபோது, தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் பிரிந்து போய் ‘மாநில உரிமை’ என்ற பெயரிலேயே கட்சி தொடங்கி, குடியரசுத் தலைவர் தேர்தலில் ஸ்ட்ராம் தர்மண்டை நிறுத்தி, 4 மாநிலங்களை வென்றார்கள். பள்ளிகளில் நிறவாரிப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1956இல் 101 தென்மாநில நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை மாநில உரிமையில் தலையீடு என்று அறிக்கை விட்டார்கள். 1957இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போவதற்கு ராணுவம் வர வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம் இன்னும் ஒரு படி மேலே போனது. சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளே வேண்டாம் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு அந்த 5 ஆண்டுகள் திரும்பி வரவே இல்லை.

ஆனால் உள்நாட்டுப் போரே மாநில உரிமைக்காகத்தானே நடந்தது?

1861–65இல் நடந்த அந்தப் போருக்குப் பின், தோற்ற தரப்பான தென்மாநிலத் தலைவர்கள் அப்படி எழுதினார்கள். போருக்கு முன் அவர்களே கையெழுத்திட்ட ஆவணங்கள் வேறு சொல்கின்றன. இந்த இடத்தில் நிதானமாகப் படிப்பது அவசியம், ஏனென்றால் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர 1850இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) விசாரணை கிடையாது. அடிமைதான் என்று முடிவு செய்து உடைமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். தப்பியவருக்கு அடைக்கலம் தருபவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும். மத்திய அரசு மாநிலங்களுக்குள் நுழைந்து அதிகாரம் செலுத்தியதற்கு அன்று இதைவிடக் கடுமையான உதாரணம் குறைவு. கேட்டு வாங்கியவர்கள் தென்மாநிலத்தார்.

எதிர்த்தவர்கள் வடமாநிலத்தார், அதுவும் மாநில உரிமையின் பெயரால். 1854இல் மிசூரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவரை விஸ்கான்சினில் பிடித்து மில்வாக்கி சிறையில் அடைத்தபோது, கூட்டம் சிறையை உடைத்து அவரை மீட்டது. அவர் கனடா போய்ச் சேர்ந்தார். மீட்பில் முன்நின்ற பத்திரிகையாசிரியர் ஷெர்மன் பூத் கைதானார். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1850ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது. 1859இல் மத்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உடனே விஸ்கான்சின் சட்டமன்றம் 1798ஆம் ஆண்டுக் கென்டக்கித் தீர்மானத்தின் சொற்களையே எடுத்துத் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

இப்போது 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்து போகும்போது வெளியிட்ட பிரகடனத்தைப் பாருங்கள். வடமாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தின என்பதுதான் அதன் புகார். மெயின் முதல் அயோவா வரை மாநிலங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, இவை அடிமைகளைத் திருப்பித் தரும் சட்டத்தை முடக்கின என்கிறது. நியூயார்க் நீதிமன்றம் அடிமையோடு வழிப்பயணம் போகக்கூட விடவில்லை என்று குறைப்படுகிறது. மிசிசிப்பியின் பிரகடனம் இன்னும் வெளிப்படை: தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

பிரிந்தவர்கள் 1861இல் எழுதிய அரசியலமைப்பையும் பாருங்கள். அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் தங்கள் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று எழுதினார்கள். எந்த மாநிலத்துக்கும் அடிமைகளோடு போகலாம், தங்கலாம், அதனால் சொத்துரிமை பாதிக்கப்படாது என்றும் எழுதினார்கள். அவர்கள் கூட்டமைப்பில் ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் அடிமை முறையை ஒழிக்க நினைத்தாலும், வெளியிலிருந்து அடிமைகளோடு வருபவர்களைத் தடுக்க முடியாது. மாநில உரிமை அவர்களுடைய முதல் கொள்கையாக இருந்திருந்தால் இந்தப் பிரிவு அங்கே இருந்திருக்காது.

‘பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும்’ என்பார்களே. அப்படியானால் கொள்கையும் கெட்டதுதானே?

மனிதர்களுக்கு அந்தப் பழமொழி பொருந்தலாம். கொள்கை விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தென் கரோலினா அந்தக் கொள்கையை உண்மையில் பின்பற்றவே இல்லை, விஸ்கான்சின் பின்பற்றியது என்பதைத்தான் மேலே பார்த்தோம். ஒருவர் பொய்யாகப் பிடித்த கொடியை வைத்து, அந்தக் கொடியை மெய்யாகப் பிடித்தவரைக் கண்டிக்க முடியாது.

ஆனால் கறை என்ற பேச்சே வீண் என்று தள்ளிவிடுவதும் தவறு. ஒரு கொள்கையை யார், எப்போது, எதற்காக எடுத்தார்கள் என்பது அந்தக் கொள்கையைப் பொய்யாக்காது. அதன் பலவீனம் எங்கே என்பதைக் காட்டும். எந்தப் பூட்டைத் திருடன் திரும்பத் திரும்பத் திறக்கிறானோ, அந்தப் பூட்டில்தான் கோளாறு. மாநில உரிமையில் கோளாறு இருக்கிறது. அது என்ன என்பது இன்னும் சில கேள்விகள் தாண்டி வருகிறது.

ஒருவர் கொள்கையைச் சொல்கிறாரா, சாக்குச் சொல்கிறாரா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில், முடிவெடுத்த நாளில் எழுதப்பட்டதைத் தேடுங்கள். பிரகடனம், சட்டமன்ற விவாதம், சட்டத்தின் வாசகம். பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுகளை இரண்டாவதாக வையுங்கள். பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். போருக்குப் பின் எழுதும்போது அரசியலமைப்பு வாதத்தை முன்னே வைத்தார். எந்த ஸ்டீஃபன்ஸை நம்புவது என்பதில் குழப்பமே வேண்டியதில்லை.

அடுத்து, அந்தக் கொள்கை அவருக்கே எதிராகப் போகும் ஒரு வழக்கைக் கண்டுபிடியுங்கள். சோதனையின் உயிர் இதில்தான். தனக்குப் பிடிக்காத முடிவை இன்னொரு மாநிலம் எடுத்தபோது அவர் என்ன செய்தார்? ஒரே ஆள், ஒரே காலம், ஒரே கொள்கை, எதிர்ப்பக்க விளைவு. நான்கும் பொருந்தினால்தான் ஒப்பீடு செல்லும். வெவ்வேறு தலைமுறை ஆட்களை எடுத்து ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். பலரும் சறுக்கும் இடம் அது.

பிறகு, விலை யார் தலையில் விழுகிறது, அவருக்கு அந்த முடிவில் வாக்கு இருந்ததா என்று கேளுங்கள். ‘மிசிசிப்பி மக்களின் விருப்பம்’ என்று 1964இல் சொன்னபோது, அங்கே வாக்களிக்கத் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் வாக்காளராகப் பதிவாகியிருந்தவர்கள் 100க்கு 7 பேர்கூட இல்லை. வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தபின் இரண்டே ஆண்டுகளில் அது பாதியைத் தாண்டியது. முன்பு ‘மக்களின் விருப்பம்’ என்று சொல்லப்பட்டது யாருடைய விருப்பம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இரட்டை நாக்கு எல்லோருக்கும் உண்டு, அதனால் யாரையும் சோதிக்க வேண்டாம் என்பதும் ஒரு சறுக்கல்தான். தென் கரோலினாவின் முரண் ஒரு சாதாரண அரசியல்வாதியின் தடுமாற்றம் போன்றதில்லை. அதை மையமாக வைத்தே ஒரு நாட்டைப் பிரித்தார்கள்.

உண்மையாகவே நம்புகிறவர், மனதில் வெறுப்பு இல்லாதவர் சொன்னால்?

பேரி கோல்ட்வாட்டர் இதற்குச் சரியான உதாரணம். அரிசோனா செனட்டர். அந்த மாநிலத்தின் விமானத் தேசியக் காவல்படையில் நிறப் பிரிவினையை நீக்க உழைத்தவர். 1957, 1960 குடிமை உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தவர். 1964ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டும் எதிராக வாக்களித்தார். ஓட்டல், கடை போன்ற தனியார் இடங்களையும் வேலைக்கு ஆள் எடுப்பதையும் ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவர் வாதம்.

அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் வென்றது 6 மாநிலங்கள். ஒன்று சொந்த மாநிலம். மற்ற ஐந்தும் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலினா. மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீதம் கிடைத்தது. அவர் வாதத்தில் நுணுக்கம் இருந்தது. வாக்களித்தவர்கள் அந்த நுணுக்கத்துக்காக வாக்களிக்கவில்லை.

இதை வைத்து அவரை நிறவெறியர் என்பது நியாயமில்லை. ஆனால் தன் மனம் சுத்தம் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டதை ஏற்கவும் முடியாது. அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், நிறப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் இருக்கும் என்று பதவியேற்பு மேடையில் முழங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மத்திய அரசு செய்யக் கூடாது என்பவர், ஓட்டல் வாசலில் துரத்தப்படும் குடிமகனுக்கு வேறு யார், எப்போது, எந்தச் சட்டத்தால் நீதி தருவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதில் இல்லாவிட்டால், நல்ல மனதோடு சொன்ன கொள்கையும் கெட்டவர்களின் வேலையையே செய்து முடிக்கும்.

நீதிமன்றங்கள் இந்தக் கறைக் கேள்வியை எப்படிக் கையாள்கின்றன?

1985இல் வந்த அலபாமா வழக்கில் ஒரு தெளிவான முறை கிடைக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றம் செய்தவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்றது 1901ஆம் ஆண்டு அலபாமா அரசியலமைப்பு. பணமில்லாத காசோலை கொடுத்ததற்காக வாக்கை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1901 மாநாட்டின் தலைவரே வெள்ளையர் மேலாண்மையை நிறுவுவதுதான் நோக்கம் என்று தொடக்க உரையில் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் இரண்டு படியாகப் பார்த்தது. இனப் பாகுபாடு ஒரு தூண்டுகோலாக இருந்ததா என்பது முதல் படி. ஆம் எனில், அது இல்லாமலும் இதே சட்டம் வந்திருக்கும் என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்துடையது, இது இரண்டாம் படி. அலபாமாவால் முடியவில்லை. வழக்கில் பங்கெடுத்த நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தப் பிரிவை ரத்து செய்தார்கள்.

இந்த இரண்டு படிகளை அரசியல் விவாதத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, விழுந்தது அந்தக் குறிப்பிட்ட பிரிவு. குற்றவாளிகளின் வாக்குரிமையைப் பறிக்கலாம் என்ற பொதுக் கொள்கை சரியா தவறா என்பதை அந்தத் தீர்ப்பு தீர்மானிக்கவில்லை.

2020இல் நீதிபதிகளுக்குள்ளேயே இது மோதலானது. ஜூரியில் 12க்கு 10 பேர் சொன்னாலே குற்றவாளி என்ற லூசியானாவின் முறைக்கு வேர், கறுப்பின ஜூரிகளின் குரலைச் செல்லாக்காசாக்க நடந்த 1898 மாநாடு. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முறையை நீக்கியபோது பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த வேரைச் சுட்டிக்காட்டியது. நீதிபதி அலிட்டோ, தோற்றம் பற்றிய பேச்சு இங்கே தேவையில்லை என்று மறுப்பு எழுதினார். ஜூன் மாதம் மான்டானா வழக்கு வந்தது. மதப் பள்ளிகளுக்கு அரசு உதவியைத் தடுக்கும் பிரிவு 19ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க வெறுப்பில் பிறந்தது என்பது வாதம். முந்தைய வழக்கில் தோற்றம் முக்கியம் என்றீர்கள், அப்படியானால் இங்கும் முக்கியம்தான் என்று அதே அலிட்டோ எழுதினார். மான்டானா மக்கள் 1972இல் அந்தப் பிரிவைப் புதிதாக ஏற்றுக்கொண்டார்கள், அதனால் பழைய கறை போய்விட்டது என்பது எதிர்வாதம். மறுபடி ஏற்றுக்கொள்வது கறையைப் போக்குமா? பழைய காரணத்தை வெளிப்படையாகப் பேசி, நிராகரித்து, புதிய காரணத்தோடு ஏற்றுக்கொண்டால் போக்கும் என்றே சொல்ல வேண்டும். பழைய வாசகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்தால் போகாது.

மற்ற கொள்கைகளுக்கு இப்படிக் கறை இல்லையா?

நிறைய உண்டு. ரகசிய வாக்குச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கட்சிகளே சீட்டு அச்சடித்துத் தந்தன, எழுத்தறியாதவரும் வாங்கிப் போட்டுவிடலாம். அரசு அச்சிட்ட ரகசியச் சீட்டை 1891இல் ஆர்கன்சாஸ் கொண்டுவந்தபோது, படிக்கத் தெரியாத கறுப்பினத்தவர் வாக்களிக்க முடியாமல் போவது ஓர் ஆதாயமாகவே கருதப்பட்டது. கலிஃபோர்னியா 1967இல் பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏந்துவதைத் தடை செய்தது. ஆயுதத்தோடு ரோந்து வந்த கறுஞ்சிறுத்தைகள் (Black Panthers) என்ற கறுப்பினத்தவர் அமைப்பே அதற்கு உடனடிக் காரணம். இதற்காக ரகசிய வாக்கெடுப்பையோ துப்பாக்கிக் கட்டுப்பாட்டையோ யாரும் விட்டுவிடச் சொல்வதில்லை. எதிராளியின் கொள்கையில் மட்டும் கறையைத் தேடுபவர் தன் சட்டையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, மாநில உரிமையில் உள்ள கோளாறு என்ன? எப்படிச் சரி செய்வது?

‘அரசிடமிருந்து காப்பு’ என்று பேசும் அந்தக் கொள்கை, மாநிலமும் ஓர் அரசுதான் என்பதை மறந்துவிடுகிறது. டெல்லியிலோ வாஷிங்டனிலோ உள்ளவர் மட்டுமே ஒடுக்குவார் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தும் ஒடுக்கலாம். ஆட்சிப் பரப்பு சிறிதாக ஆக, ஒரே தரப்பு பெரும்பான்மையாகி மற்றவர்களை நசுக்குவது எளிதாகும் என்று மேடிசனே 1787இல் எச்சரித்தார்.

பிடிக்காவிட்டால் வேறு மாநிலம் போகலாமே என்பார்கள். போனார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வெளியேறினார்கள். ஆனால் விளைச்சலில் பங்கு தரும் வாரச் சாகுபடிக் கடனில் நிலத்தோடு கட்டப்பட்ட குடும்பத்துக்கு அது சுலபமாக இருக்கவில்லை. ஊரைவிட்டு ஓட வேண்டியிருப்பதை உரிமை என்று சொல்லவும் முடியாது.

சரிசெய்யும் கருவி 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தம். எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்கிறது அது. அதாவது அடித்தளம் ஒன்று போடப்பட்டது. மாநிலம் அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், கீழே தோண்டக் கூடாது. 1964க்கு முந்தைய தெற்கு, அந்தத் தளத்தை ஏட்டளவில் மட்டும் விட்டுவைத்திருந்தது.

இன்று இந்தக் கொள்கையை யார் பயன்படுத்துகிறார்கள்?

இரு தரப்பும். மத்தியச் சட்டத்தை அமல்படுத்த மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் ஒரு துப்பாக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. அன்று மகிழ்ந்தவர்கள் வலதுசாரிகள். 2017இல் குடியேறிகளைப் பிடிக்க மாநிலக் காவல்துறை உதவாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டபோது சாய்ந்து நின்றது அதே தீர்ப்பில்தான். அதன் மூதாதை இன்னும் பழையது: தப்பிய அடிமைகளைப் பிடித்துத் தரும் மத்தியக் கடமையைச் செய்ய மாநில அதிகாரிகளை வற்புறுத்த முடியாது என்ற 1842ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மேலே சொன்ன எதிர்ப்பக்கச் சோதனை கலிஃபோர்னியாவை ஆதரிப்பவர்களுக்கும் உண்டு. துப்பாக்கிச் சட்டத்துக்கு ஒத்துழைக்க மறுக்கும் மாநிலத்துக்கும் அதே உரிமையைத் தருவீர்களா?

தமிழ்நாட்டில் மாநில சுயாட்சி பேசுபவர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

சொல்லின் வரலாறு இங்கே வேறு. 1969இல் ராஜமன்னார் குழு, 1971இல் அதன் அறிக்கை, 1974இல் சட்டமன்றத் தீர்மானம் என்று வந்த கோரிக்கை, ஒரு மக்கள் கூட்டத்தை அடிமையாக வைத்திருக்கப் பிறந்ததில்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவும் அடிப்படை உரிமைகளும் மாநிலங்களையும் கட்டும் என்பதால் அடித்தளமும் இருக்கிறது.

ஆனால் அதே கோளாறு ஒரு படி கீழே, ஊராட்சியில் வெளிப்பட்டது. கிராமத்தைக் குறுகிய மனத்தின் குகை என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சாடியபோது பலருக்குக் கோபம் வந்தது. 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. ‘ஊர் முடிவு’ என்ற பெயரில் நடந்தது அது. அதற்காக உள்ளாட்சியை யாரும் கைவிடவில்லை. இட ஒதுக்கீடு என்ற அடித்தளத்தை விட்டுக்கொடுக்காமல் 2006இல் தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

‘மாநில உரிமை’ என்ற சொல்லையாவது அமெரிக்காவில் விட்டுவிடலாமா?

விடலாம். கொள்கைக்கு ஒட்டாத கறை சொல்லுக்கு ஒட்டும், ஏனென்றால் சொல்லின் பொருளைக் கேட்பவரின் நினைவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இன்று பலர் ‘கூட்டாட்சி’ என்றே சொல்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டு அடித்தளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் மட்டும் பயனில்லை. கொள்கையைச் சொல்லும் அதே மூச்சில், தனக்குப் பிடிக்காத எந்த முடிவை அதன்படி ஏற்கத் தயார் என்பதையும், எந்த எல்லைக்குக் கீழே எந்த மாநிலமும் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கே நின்று சொல்கிறோம் என்பதும் கணக்கில் வரும். 1980 ஆகஸ்ட் 3 அன்று மிசிசிப்பியின் நெஷோபா வட்டாரத் திருவிழாவில் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ரொனால்ட் ரீகன் மாநில உரிமையில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று பேசினார். வாக்காளர் பதிவுக்காக உழைத்த சேனி, குட்மன், ஷ்வர்னர் என்ற மூன்று இளைஞர்கள் 1964 ஜூனில் கொல்லப்பட்டது அதே வட்டாரத்தில்தான். அவர்களைப் பற்றி அந்த உரையில் ஒரு வார்த்தைகூட இல்லை.